மருந்து ஆய்வில் சேர்ந்தவருக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?

பெரிய ஆஸ்பத்திரிகளில் டாக்டரைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கும்போது சிலரிடம் கேட்பார்கள்: “உங்க நோய்க்குப் புது மருந்து ஒண்ணு ஆய்வுல இருக்கு. சேர்ந்தா மருந்தும் டெஸ்ட்டும் இலவசம். சேர்றீங்களா?” சரி என்று தலையாட்டினால் பத்துப் பதினைந்து பக்கத் தாள்கட்டு ஒன்று கைக்கு வரும். ஆபரேஷனுக்கு முன்னால் ‘எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல’ என்று வாங்கும் கையெழுத்து போலத்தான் இதுவும் என்று நினைத்து, படிக்காமலே பலர் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இது அது இல்லை. இந்தத் தாளில் பொறுப்பை ஏற்பது மருந்தைச் சோதிப்பவர்கள். கையெழுத்துப் போடுவதால் உங்கள் உரிமை எதுவும் போய்விடாது.

இதற்கான சட்டம், 2019 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்த ‘புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள்’. சும்மா வந்துவிடவில்லை. 2009-10 இல் ஆந்திராவிலும் குஜராத்திலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வில் பழங்குடிச் சிறுமிகள் சேர்க்கப்பட்டார்கள். பெற்றோருக்குப் பதிலாக விடுதி வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தது பிறகு தெரியவந்தது. 2012 இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்தது. 2005 முதல் 2012 வரை புதிய மருந்துகளின் ஆய்வில் இருந்தபோது இறந்தவர்கள் 2,644 பேர், அதில் மருந்தால் இறந்தவர்கள் என்று கணக்கில் வந்தது 80 பேர் என அரசே சொன்னது. மீதிப்பேர் நோயாலேயே இறந்திருக்கலாம். ஆனால் அதை முடிவு செய்வது யார், எப்படி, எத்தனை நாளில் என்பதற்கெல்லாம் அப்போது சரியான விதி இல்லை. 2013 இல் ஒரு திருத்தம் வந்தது, அப்புறம்தான் 2019 விதிகள்.

இனி அந்தத் தாள்கட்டு. உங்களுக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் பக்கத்தில் இருந்து, விளக்கியதைக் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். இதுவரை எங்குமே பயன்பாட்டுக்கு வராத புது மூலக்கூறு என்றால், எளிதில் வற்புறுத்தலுக்கு ஆளாகக்கூடியவர்களிடம் ஒப்புதல் வாங்குவதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். எச்ஐவி, தொழுநோய் மருந்துகளுக்கு மட்டும் முகம் வேண்டாம், குரல் பதிவு போதும். குழந்தைகளுக்குப் பெற்றோர் கையெழுத்து. ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடம் அதன் சம்மதத்தையும் கேட்க வேண்டும்.

தாளில் இரண்டு வரிகளைத் தேடிப் பாருங்கள். மருந்து பலிக்காமலும் போகலாம் என்று ஒரு வரி இருக்கும். ஒரு பிரிவினருக்கு வெறும் மாத்திரை கொடுத்து ஒப்பிடும் ஆய்வு என்றால், அந்த மாத்திரைக்கு எந்தக் குணமும் கிடையாது என்றும் எழுதியிருக்க வேண்டும். ‘புது மருந்து’ என்ற பேச்சைக் கேட்டுச் சேர்ந்தவருக்குக் கிடைப்பது அந்த வெறும் மாத்திரையாகவும் இருக்கலாம். யாருக்கு எது என்று பல ஆய்வுகளில் டாக்டருக்கே தெரியாது.

கடைசிப் பக்கத்தில் உங்கள் பெயர், முகவரி, படிப்பு, தொழில், வருட வருமானம் கேட்பார்கள். அதற்குக் கீழே நாமினி பெயர், முகவரி, உறவுமுறை. பேங்க் பாஸ்புக்கில் எவ்வளவு கவனமாக எழுதுவோமோ அவ்வளவு கவனமாக இதையும் எழுதுங்கள். ‘அப்புறம் எழுதிக்கலாம்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எழுதி முடித்த படிவத்தின் நகல் ஒன்று உங்களுக்குத் தர வேண்டும். கேட்டு வாங்கி ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். ஆய்வு டாக்டரின் போன் நம்பரும், ஆய்வில் சேர்ந்தவர்களின் உரிமையைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் நம்பரும் அதில்தான் இருக்கும்.

ஆய்வில் இருக்கும்போது உடம்புக்கு ஏதாவது வந்தால், முதல் உரிமை இலவச சிகிச்சை. ‘இது மருந்தால் வந்ததா இல்லையா பார்ப்போம்’ என்று காத்திருக்க வைக்கக் கூடாது. தேவைப்படும் வரை, அல்லது ஆய்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நிரூபணம் ஆகும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை செலவு அவர்களுடையது.

இழப்பீடு என்பது இதற்கு மேல். மருந்தின் பக்கவிளைவுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ஆய்வு விதிமுறையை மீறியது, டாக்டரின் அல்லது கம்பெனியின் அலட்சியம், வழக்கமான நல்ல சிகிச்சை இருந்தும் கொடுக்காமல் விட்டது, ஆய்வுக்காகச் செய்த ஏதோ ஒரு பரிசோதனையால் வந்த பாதிப்பு, வயிற்றில் இருந்த குழந்தைக்கு வந்த பாதிப்பு எல்லாமே இதில் அடங்கும்.

எவ்வளவு கிடைக்கும்? இறப்பு என்றால் ஒரு சூத்திரம்: 8 லட்சத்தை வயது எண்ணாலும் ஆபத்து எண்ணாலும் பெருக்கி, 99.37 ஆல் வகுக்க வேண்டும். இந்த 99.37 வேறொன்றுமில்லை, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் 65 வயதுக்காரருக்கு இருந்த எண். வயது குறையக் குறைய எண் கூடும். 40 வயதுக்கு 184.17, 30 வயதுக்கு 207.98. ஆபத்து எண், ஆய்வில் சேரும்போது உடல்நிலை எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது. ஆறு மாதம்கூடத் தாங்க மாட்டார் என்ற நிலையில் சேர்ந்தவருக்கு 0.5, நல்ல ஆரோக்கியத்தோடு சேர்ந்த தன்னார்வலருக்கு 4.

நாற்பது வயதுக்காரர் ஒருவர், நடுத்தர ஆபத்துள்ள நோயாளி, ஆபத்து எண் 2 என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் சுமார் 29 லட்சத்து 65 ஆயிரம் ரூபாய் வருகிறது. காசுக்காக மாத்திரை ஆய்வில் போய்ப் படுக்கும், ஆரோக்கியமான முப்பது வயது இளைஞருக்கு (ஆபத்து எண் 4) இதே கணக்கு சுமார் 67 லட்சம். 65 வயதைத் தாண்டிய, இறுதிக்கட்டப் புற்றுநோயாளிக்கு 4 லட்சம். 30 நாளுக்குள் இறக்க 90 சதவீதம் வாய்ப்புள்ள நிலையில் இருந்தவர் என்றால் சூத்திரமே கிடையாது, மொத்தமாக 2 லட்சம். எப்படியும் போகப்போகிற உயிர்தானே என்ற கணக்கு இதற்குள் ஒளிந்திருக்கிறது. எனக்கு அது உறுத்தல்தான். ஒரு விஷயத்தில் மட்டும் சூத்திரம் நேர்மையானது. வருமானத்துக்கு அதில் இடமில்லை. கொத்தனாருக்கும் கலெக்டருக்கும் ஒரே வயது, ஒரே உடல்நிலை என்றால் ஒரே தொகை.

நிரந்தர ஊனம் என்றால் இறப்புக்கு வரும் தொகையில் 90 சதவீதம் வரை, ஊனத்தின் அளவைப் பொறுத்து. ஆஸ்பத்திரியில் படுத்துக் குணமாகி வந்தவருக்கு, படுத்த ஒவ்வொரு நாளுக்கும் டெல்லியில் சாதாரணக் கூலித் தொழிலாளிக்கு உள்ள குறைந்தபட்ச ஊதியத்தைப் போல இரண்டு மடங்கு.

நாள் கணக்கும் உண்டு. மோசமான பாதிப்பு தெரிந்த 24 மணி நேரத்தில் ஆய்வு டாக்டர் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் கம்பெனிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். 14 நாளில் டாக்டரும் கம்பெனியும் ஆராய்ந்த அறிக்கை, 30 நாளில் குழுவின் கருத்து. தொகையை முடிவு செய்வது மத்திய அமைப்பு. உத்தரவு வந்த 30 நாளில் கம்பெனி பணம் கட்ட வேண்டும். அந்த 24 மணி நேரம் ஓடத் தொடங்க வேண்டுமானால் விஷயம் டாக்டருக்குப் போய்ச் சேர வேண்டும். வேறு ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனாலும் படிவத்தில் உள்ள நம்பருக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர்கள் அசையவில்லை என்றால் நெறிமுறைக் குழுவுக்கு எழுதலாம். அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர், பாதிப்பேராவது அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குச் சென்னையில் மண்டல அலுவலகமும் இருக்கிறது.

சித்த, ஆயுர்வேத மருந்து ஆய்வுகள் இந்த விதிகளுக்குள் வராது. அங்கே பார்க்க வேண்டியது, எல்லா ஆய்வுக்கும் பொதுவான, 2017 ஆம் ஆண்டின் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) நெறிமுறைகள்.

பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் ஆய்விலிருந்து விலகலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. ஆய்வு முடிந்த பிறகும் மருந்து நன்றாகக் கேட்கிறது, வேறு மாற்று இல்லை, நெறிமுறைக் குழுவும் சம்மதிக்கிறது என்றால் இலவசமாகத் தொடர்ந்து தர வழி உண்டு. ஆனால் அதற்கு நீட்டும் தாளை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ஆய்வுக்குப் பிந்தைய பயன்பாட்டுக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று நீங்களே எழுதிக் கொடுக்கும் தாள் அது.