எலுமிச்சை இலையில் ஒரு செம்புள்ளி: கவசச் செதில் பூச்சியின் பேரினத்தை அறிவது எப்படி?

கானாடுகாத்தான் பக்கத்து வீடொன்றின் கொல்லையில், கிணற்றடி எலுமிச்சையின் இலையைத் திருப்பிப் பார்த்தபோது, மிளகாய் விதையினும் சிறிய செம்பழுப்புப் புள்ளிகள் ஒட்டியிருந்தன. இலைப்புள்ளி நோய் என்றே பலரும் நினைப்பார்கள்; ஆனால் நகத்தால் நெம்பினால் நோய்ப்புள்ளி பெயராது, இது பெயர்ந்தது. எறும்பு ஊரவில்லை, கரும்பூசணமும் இல்லை. அவை இரண்டும் தேடி வருவது தேன்கழிவு என்னும் இனிப்புக் கழிவை. மாவுப்பூச்சி அதைச் சுரக்கும்; கவசச் செதில் பூச்சிகள் சுரப்பதில்லை. அவற்றின் அடையாளம் இது.

கவசச் செதில் பூச்சிக் குடும்பத்தில் 2,500-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. முட்டையிலிருந்தோ தாயிடமிருந்தோ வெளிவரும் குஞ்சுக்கு ஆறு கால்கள் இருக்கும். நல்ல இடம் பார்த்து ஊசி போன்ற வாயைச் செருகி அமர்ந்த பிறகு, பெண் பூச்சிக்கு முதல் தோலுரிப்போடு கால்களும் போய்விடும். அது தன் வாயை அச்சாகக் கொண்டு சுழன்று, பின்னுடலைக் கொத்தனாரின் கரணைபோல் வீசி மெழுகைப் பூசுகிறது. அதனால்தான் பல இனங்களில் கவசம் வட்டமாக அமைகிறது. உரித்த தோல்களும் வீணாவதில்லை. முதிர்ந்த பெண்ணின் கவசத்தில் இரண்டு பழைய தோல்களும், ஆணின் கவசத்தில் ஒன்றும், ஓட்டின்மேல் ஓடு வேய்ந்தாற்போல் பதிந்திருக்கும்.

கவசத்தின் நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் சொல்வது சரியன்று. கவசம் ஒளி புகுவதாக இருந்தால், உள்ளிருக்கும் பூச்சியின் நிறமே நமக்குத் தெரிகிறது. தென்னோலையின் அடியில் மஞ்சள் புள்ளியாகத் தெரியும் தென்னைச் செதில் பூச்சியான அஸ்பிடியோடஸ் டிஸ்ட்ரக்டர் அப்படிப்பட்டதுதான். ஆகவே கவசத்தை நீக்கி உடலைப் பார்க்க வேண்டும். பத்து மடங்கு கைவில்லையும் ஒரு குண்டூசியும் இதற்குப் போதும்.

எலுமிச்சைப் புள்ளியில் ஊசியை நுழைத்தபோது கவசம் தனியே வரவில்லை. உடலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உடல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அதன் முன்பகுதி கடினப்பட்டு, இரு பக்கமும் பின்னோக்கி வளர்ந்து, பின்முனையை இடையில் பொதிந்து வைத்திருந்தது. இந்தச் சிறுநீரக வடிவம்தான் அயோனிடியெல்லா என்ற பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியை, சுட்டும் முதல் குறிப்பு. இளம் பெண் பூச்சியில் இதை எதிர்பார்க்கக் கூடாது. அது பேரிக்காய் வடிவிலேயே இருக்கும்.

உறுதி செய்வதற்கு நுண்ணோக்கி தேவை. உடலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துத் தெளிவாக்கி, சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் பதிக்கிறார்கள். அப்போது, வயிற்றின் கடைசிக் கண்டங்கள் இணைந்த பின்தகட்டின் விளிம்பு ஒரு சாவியின் பற்களைப் போலத் தெரியும். அயோனிடியெல்லாவில் நன்கு வளர்ந்த மூன்று இணை மடல்களும், அவற்றின் இடையே ஓரம் கிழிந்த சீப்புப் போன்ற தகடுகளும், மடல்களின் அடியிலிருந்து உள்நோக்கிச் செல்லும் சிறு தடிப்புகளும் உண்டு. அஸ்பிடியோடஸில் இத்தடிப்புகள் கிடையா. டிஸ்ட்ரக்டரில் நடு மடல்கள் பக்கத்து மடல்களைவிடக் குட்டையாக உள்வாங்கியிருக்கும்.

பேரினத்துக்குள் இனங்களைப் பிரிப்பது இன்னும் நுட்பமானது. சிட்ரஸ் செஞ்செதிலான ஆரன்டியையில் பிறப்புத் துளையைச் சுற்றி மெழுகுத் துளைகள் இல்லை. வேம்பையும் தாக்கும் ஓரியன்டாலிஸில் உண்டு. இத்துளைகளின் மெழுகு முட்டைகளின்மேல் படிவதற்கானது; ஆரன்டியை முட்டையிடாமல் குஞ்சுகளையே ஈனுகிறது என்பது இதோடு பொருந்துகிறது. இந்த ஒத்த உருவங்களைப் பிரித்தறியாமல், கலிபோர்னிய ஆரஞ்சுத் தோட்டங்களில் செஞ்செதிலைக் கட்டுப்படுத்த ஒட்டுண்ணி தேடியவர்கள் நெடுங்காலம் குழம்பினார்கள். 1937-இல் பூச்சியியலாளர் மெக்கென்ஸி இந்த இனங்களின் உருவ வேறுபாடுகளைத் தெளிவாக்கினார். பின்னர் அங்கே நிலைபெற்ற அஃபைட்டிஸ் மெலினஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி, 1956-57-இல் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் சென்றது.

யாரிடமாவது காட்ட வேண்டுமானால் செதிலைச் சுரண்டி எடுக்காமல், இலையோடு பறித்துக் காகித உறையில் இட்டு, மரத்தின் பெயரையும் நாளையும் எழுதி வைக்கலாம். உடல் காய்ந்தாலும் பின்தகட்டின் விளிம்பு கெடாது.