யுபிஐ-யும் ஜிஎஸ்டி-யும்: அமைச்சர் சொன்னதும் சொல்லாததும்

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவுகளைப் பார்த்துச் சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூருவில் டீக்கடை, பேக்கரி நடத்துகிறவர்கள் பலர் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். அந்தப் பயம் எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூருக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? கிருஷ்ணகிரியில் வரி ஆலோசகராக இருக்கும் என்னிடம் அப்போது வியாபாரிகள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "சார், ரெண்டாயிரத்துக்கு மேல ஜிபே பண்ணா ஜிஎஸ்டி பிடிப்பாங்களாமே?"

இதே கேள்வி மாநிலங்களவைக்கும் போனது. ஜூலை 22, செவ்வாய்க்கிழமை, நிதித்துறை இணையமைச்சர் பங்கஜ் சவுத்ரி எழுத்துமூலம் பதில் தந்தார். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட யுபிஐ பரிமாற்றத்துக்கு ஜிஎஸ்டி போட வேண்டும் என்று, மத்திய, மாநில அமைச்சர்கள் கூடி வரியைப் பற்றிப் பரிந்துரைக்கும் ஜிஎஸ்டி கவுன்சில் எந்தப் பரிந்துரையும் செய்யவில்லை என்பது அதன் சாரம். வாட்ஸ்அப் வதந்திக்கு அதோடு வேலை முடிந்தது.

ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு, "யுபிஐ-ல வர்ற பணத்தை இனி யாரும் கேட்க முடியாது" என்று நம்மவர்கள் சிலர் பேச ஆரம்பித்ததுதான் எனக்குக் கவலை. பணம் அனுப்புவதற்கு வரி உண்டா என்பது கேட்கப்பட்ட கேள்வி. இல்லை என்பது பதில். உங்கள் விற்பனை எவ்வளவு என்று பார்க்க அந்த வரவை எடுத்துக்கொள்ளலாமா என்பது வேறு விஷயம். அமைச்சரின் பதில் அதற்குத் தடை எதுவும் போடவில்லை. விற்பனைக்கு ஜிஎஸ்டி 2017 ஜூலை 1-லிருந்தே இருக்கிறது. காசாக வாங்கினாலும் அது விற்பனைதான். கியூஆர் அட்டையை ஒளித்து வைப்பதால் டர்ன்ஓவர் குறையாது.

சரி, யார் ஜிஎஸ்டி-யில் பதிவு செய்ய வேண்டும்? இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. டீக்கடை, பரோட்டாக் கடை சட்டத்தின் கண்ணில் சேவை. அவர்களுக்கு எல்லை 20 லட்சம். பீடி, சிகரெட், பான் மசாலா, ஐஸ்கிரீம், செங்கல் விற்பவர்களுக்கும் அந்த 40 லட்சச் சலுகை கிடையாது. பெட்டிக்கடைக்காரர்கள் இதைக் கேட்டால் நம்பவே மாட்டேன் என்கிறார்கள்.

ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி மண்டிக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை. வரிவிலக்குள்ள பொருளை மட்டுமே விற்றால் எத்தனை லட்சம் போனாலும் பதிவு வேண்டாம். காய்ந்த புளிக்கும் 2019 அக்டோபர் 1 முதல் வரி இல்லை. ஆனால் ஒரு மளிகைக் கடையில் மூட்டை பிரித்து விற்கும் அரிசி, பருப்பு 35 லட்சம், சோப்பு, பிஸ்கட் 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். "வரி உள்ளது ஆறு லட்சம்தானே" என்று கணக்குப் போடக் கூடாது. இரண்டையும் கூட்டி 41 லட்சம், பதிவு கட்டாயம்.

ஓசூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று: வரி உள்ள பொருளைப் பெங்களூரு வியாபாரிக்கு விற்று அனுப்பினால் அது வேறு மாநில விற்பனை. அதற்கு 40 லட்சம், 20 லட்சம் என்ற பேச்சே இல்லை, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும்.

அப்புறம், கடை கியூஆரில் சீட்டுப் பணம், கைமாற்று, மகள் அனுப்பும் வீட்டுச் செலவு எல்லாவற்றையும் வாங்காதீர்கள். நோட்டீஸ் வந்தால் எது விற்பனை, எது இல்லை என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்ட வேண்டியவர் நீங்கள்தான். கடைக்குத் தனி நடப்புக் கணக்கு வைத்திருப்பவருக்கு அரை மணி நேரத்தில் முடிகிற வேலை, மற்றவருக்கு வாரக்கணக்கில் இழுக்கும்.

நாடாளுமன்றப் பதில்களை நீங்களே படிக்கலாம். பொதுவாக நிதி அமைச்சகத்தின் முறை மக்களவையில் திங்கள், மாநிலங்களவையில் செவ்வாய். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20. அவற்றுக்கு அமைச்சர் வாயால் பதில் சொல்லலாம், துணைக் கேள்வியும் கேட்கலாம். நட்சத்திரம் இல்லாதவை 230. எழுத்தில் மட்டும் பதில். எல்லாம் நாடாளுமன்ற இணையதளத்தில் தேதிவாரியாக இருக்கிறது. படிக்கும்போது முதலில் கேள்வியைப் படியுங்கள். 'தற்போது அப்படி ஒரு திட்டம் இல்லை' என்றால் அந்தத் தேதிக்கு இல்லை என்று அர்த்தம். அதிகாரிக்கு எழுதும் பதிலில் சட்டப் பிரிவையும் அறிவிக்கையையும் காட்டுங்கள்; அமைச்சரின் பதில் அவற்றுக்கு ஈடாகாது.

கேள்வி கேட்க எம்.பி. குறைந்தது 15 நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி வணிகர் சங்கங்கள் கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே தங்கள் எம்.பி.யிடம் போனால் நன்றாக இருக்கும். என்னைக் கேட்டால் இதை எழுதிக் கொடுப்பேன்: 'யுபிஐ வரவுகளை விற்பனையாகக் கணக்கிடும் முன், அதில் கடனும் குடும்பப் பணமும் எவ்வளவு என்று சிறு வியாபாரியிடம் கேட்டறிய எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான நடைமுறை உண்டா? இல்லையென்றால், அதை ஜிஎஸ்டி கவுன்சிலின் முன் வைக்க அரசு முன்வருமா?'