வெயில் தொடாத பவளத்துக்குச் சோறு எங்கிருந்து வருகிறது?

மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “பவளத்துக்கு வெயிலும் வெதுவெதுப்பான நீரும் வேண்டும் என்கிறீர்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால், கும்மிருட்டில், குளிர்ந்த நீரில் பெரிய பவளத்திட்டு இருப்பதாகச் செய்தி வந்ததே, அது எப்படி?”

செய்தி சரிதான். பிளேக் பீடபூமி என்னும் கடலடிப் பகுதியில் சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்கும், சில இடங்களில் 110 கிலோமீட்டர் அகலத்துக்கும் பவளமேடுகள் பரவியிருப்பதை 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். வரைபடத்தில் எண்ணிய மேடுகள் மட்டும் 83,908.

மன்னார் வளைகுடாப் பவளத்தின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் சமைப்பதில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. ஆழ்கடல் பவளத்துக்கு அந்தக் கூட்டாளி இல்லை. அட்லாண்டிக்கில் மேடு கட்டும் முக்கிய இனமான லோஃபீலியா, 4 முதல் 12 டிகிரி குளிரில், பெரும்பாலும் 200 முதல் 1,000 மீட்டர் ஆழத்தில் வாழ்கிறது. தன் உணர்கொம்புகளில் வந்து சிக்கும் நுண்ணுயிரிகளையும் மட்கும் துணுக்குகளையும் பிடித்துத் தின்றுதான் பிழைக்கிறது. செவ்வாய் தோஷத்துக்கென்று மோதிரத்தில் பதிக்கிறோமே, அந்த மத்தியதரைக் கடல் சிவப்புப் பவளமும் பாசியை நம்பாத இனம்தான். அதன் கிளை ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர்கூடப் பருப்பதில்லை. அப்படி வளர்ந்த ஓர் உயிரை, ஒரு கோளைச் சாந்தப்படுத்துவதற்காக வெட்டியெடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

ஆக, கேள்வி உணவைப் பற்றியது. கடலில் உணவு விளைவது வெளிச்சம் படும் மேல் அடுக்கில். அங்கிருந்து உதிர்வதில் பெரும்பகுதியை வழியிலேயே மற்ற உயிர்கள் தின்றுவிடும். மிச்சத்தை மட்டும் நம்பினால் இவ்வளவு பெரிய மேடுகள் எழும்ப வழியில்லை.

விடையின் முதல் பாதி ஸ்காட்லாந்தின் மேற்கே, மிங்குலே பவளத்திட்டில் கிடைத்தது. மழைக்காலத்தில் ஏரி நிரம்பிக் கலுங்கு வழிவதைப் பார்த்திருப்பீர்கள். ஏரிக்குள் சும்மா கிடந்த நீர், கலுங்கு மேட்டை எட்டியதும் மெலிந்து வேகமெடுத்து, மறுபுறச் சரிவை ஒட்டியபடியே இறங்கும். அடியில் குபுக்கென்று எழும்பி நுரைக்கும். கடலுக்குள்ளும் இதுவே நடக்கிறது. அங்கே கீழே குளிர்ந்த அடர்ந்த நீர், அதன்மேல் வெதுவெதுப்பான லேசான நீர். ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், மாறி நீரோட்டம் கடலடி மேட்டைத் தாண்டும்போது, அடியிலுள்ள அடர்ந்த அடுக்கு மறுபுறச் சரிவில் மெலிந்து வழிகிறது. அது இறங்கிய இடத்தை நிரப்ப, பாசி செழித்த மேல்நீரும் கூடவே இறங்குகிறது.

மிங்குலேயில் பவளம் இருப்பது ஏறக்குறைய 120 முதல் 190 மீட்டர் ஆழத்தில். ஒற்றைச் செல் பாசி தானாக மூழ்கினால் அங்கே போய்ச்சேர வாரங்கள், ஏன், மாதங்கள்கூட ஆகும். இந்த வழியில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது! பவளத்தின் அருகே நீர் திடீரென்று அரை முதல் முக்கால் டிகிரி வரை சூடாகிறது, தெளிகிறது, பாசியின் பச்சையம் கூடுகிறது. பிறகு ஓதம் உச்சவேகம் பிடிக்கும்போது, துணுக்குகள் நிறைந்த கலங்கிய அடிநீர் வருகிறது. இரண்டு பந்திகள்.

கடலடியில் நிறுத்திவைத்த கருவிகள் இரவும் பகலும் எடுத்த அளவுகளில்தான் இது வெளிப்பட்டது. நம் அரசு 2021இல் ஆழ்கடல் திட்டத்துக்கு 4,077 கோடி ரூபாய் ஒப்புக்கொண்டது. 3 பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் மத்ஸ்யா 6000 கலத்தைச் சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவருகிறது. எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்து வெப்பத்தையும் நீரோட்டத்தையும் அளக்கும் கருவிக்கும் அதே அக்கறையோடு பணம் தர வேண்டும். அது தலைப்புச் செய்தி ஆகாது. கடல் பிடிபடுவது அதில்தான்.

விடையின் மறுபாதிதான் என்னை மிகவும் கவர்ந்தது. லோஃபீலியா இரை பிடிக்க மெதுவான நீரே ஏற்றது. அதன் கிளைப்பின்னல் வேகமாக வரும் நீரைத் தடுத்து மெதுவாக்குகிறது. மெதுவானதும் நீரிலுள்ள வண்டல் கிளைகளுக்கிடையே படிகிறது. செத்த கிளைகளை வண்டல் இறுக்கிப் பிடிக்க, அதன்மேல் புதுப் பவளம் முளைக்கிறது. இப்படியே மேடு உயர்கிறது. அயர்லாந்துக்கு மேற்கே ராக்கால் திட்டின் சரிவில், 600 மீட்டர் ஆழத்திலுள்ள பவளமேடுகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட கட்டுரை, அந்த மேடுகளே ஓதத்தோடு மோதி மேல்நீரைக் கீழே இழுப்பதைக் காட்டியது. தனக்குச் சோறு இறக்கும் மலையைப் பவளம் தானே கட்டிக்கொள்கிறது. அயர்லாந்தின் தென்மேற்கே சேலஞ்சர் என்னும் பவளமேட்டை 2005இல் துளைத்துப் பார்த்தார்கள். 155 மீட்டர் உயரமான அந்த மேடு வளரத் தொடங்கிச் சுமார் 26 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. இடையே, வளர்ச்சியே இல்லாமல் கழிந்த நெடுங்காலமும் உண்டு.

இனி, மாறிவரும் கடல். மேல்நீர் சூடேறச் சூடேற இன்னும் லேசாகிறது. அதே ஓதத்தால் அதைக் கீழே இழுப்பது கடினமாகிறது. உணவு தாராளமாக இருந்தால் பவளம் எவ்வளவோ தாங்கும். அங்கோலாவுக்கு அப்பால், ஆக்சிஜன் மிகக் குறைந்த நீரில் செழித்திருக்கும் லோஃபீலியா மேடுகளை 2016இல் பார்த்தார்கள். அங்கே உணவு அபரிமிதம்.

ஆனால் உணவால் ஈடுகட்ட முடியாதது ஒன்று உண்டு. காற்றின் கார்பன் டை ஆக்சைடு கரையக் கரைய, பவளத்தின் சுண்ணாம்புக் கூட்டைக் கரைக்கும் நீர் ஆழத்திலிருந்து மேலேறி வருகிறது. வட அட்லாண்டிக்கில் அதன் எல்லை இன்னும் 2,000 மீட்டருக்குக் கீழே இருக்கிறது. வட பசிபிக்கில் சில நூறு மீட்டரிலேயே தொடங்கிவிடுகிறது. அட்லாண்டிக்கைப் போன்ற பெருமேடுகள் அங்கே அரிதாக இருப்பதற்கு இதுவும் காரணம். உயிருள்ள பவளத்தின் கூட்டை அதன் சதை மூடிக் காக்கிறது. மேட்டைத் தாங்கும் செத்த கிளைகளுக்கு அந்தப் போர்வை இல்லை. அவை துளைத்துளையாகி முறிந்தால் மேடு தாழும், மேல்நீரை இழுக்கும் வலுவும் குறையும். உச்சியில் பவளம் நலமாக இருக்கும்போதே இது அடியில் தொடங்கிவிடலாம்.