கறியைக் கரைக்கும் நொதி, கணையத்தைக் கரைக்காமல் விடுவது எப்படி?

குடியாத்தத்திலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவி கேட்டிருந்தார்: "ஆம்பூர் பிரியாணியில் இருக்கும் ஆட்டுக்கறியும் புரதம்தான், என் குடலும் கணையமும் புரதம்தான். கறியைக் கரைக்கிற நொதி என்னை ஏன் கரைப்பதில்லை?" செரிமானத்தைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

வாயும் இரைப்பையும் பள்ளிப் பாடத்தில் வந்துவிட்டவை, வேகமாகக் கடந்துவிடுவோம். உமிழ்நீரில் உள்ள அமிலேஸ் என்ற நொதி சோற்றின் மாவுச்சத்தை உடைக்கத் தொடங்குகிறது. இரைப்பைச் சுவர் பெப்சினோஜென் என்ற செயலற்ற புரதத்தைச் சுரக்கிறது. அமிலம் பட்டதும் அது தன் வால்பகுதியைத் தானே வெட்டி எறிந்துவிட்டு பெப்சின் ஆகிறது. பெப்சினை 1836-லேயே தியோடர் ஷ்வான் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் பெரிய வேலை நடப்பது அடுத்து வரும் முன்சிறுகுடலில்தான். அதற்கு வேண்டிய சரக்கெல்லாம் கணையத்திலிருந்து வருகிறது.

இரைப்பைக்குப் பின்னால் குறுக்கே கிடக்கும் கணையம் சுமார் 15 செ.மீ. நீளம், 100 கிராம் எடை இருந்தால் அதிகம். அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீர் சுரக்கிறது. அமிலம் கலந்த உணவுக் கூழ் முன்சிறுகுடலுக்குள் நுழைந்ததும் குடல்சுவர் செக்ரிடின் என்ற பொருளை இரத்தத்தில் விடுகிறது. உடனே கணையம் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் நீரை அனுப்புகிறது. 1902-ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் ஒரு நாயின் குடல்பகுதிக்குப் போகும் நரம்புகளையெல்லாம் துண்டித்துவிட்டு அங்கே அமிலத்தை விட்டுப் பார்த்தார்கள். கணையம் அப்போதும் சுரந்தது. செய்தி இரத்தம் வழியாகப் போகிறது என்று தெரிந்தது. ஹார்மோன் என்ற கருத்தே அங்கிருந்துதான் பிறந்தது. கொழுப்பும் புரதமும் வந்தால் கோலிசிஸ்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன் கிளம்பி, கணைய செல்களில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டிவைத்த நொதிகளை அவிழ்த்துவிடுகிறது.

அந்தப் பொட்டலங்களில்தான் மாணவியின் கேள்விக்கு விடை இருக்கிறது. மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ், எண்ணெயை உடைக்கும் லைப்பேஸ் இரண்டையும் கணையம் தயார் நிலையிலேயே அனுப்பிவிடுகிறது. நம் செல் மாவினால் கட்டப்பட்டதில்லை, அதனால் அமிலேஸால் அதற்கு ஆபத்தில்லை. புரதத்தை வெட்டுபவையும், செல்சவ்வை வெட்டும் பாஸ்போலைப்பேஸும் அப்படியல்ல. அவை அத்தனையும் முடக்கப்பட்ட வடிவிலேயே உருவாகின்றன. டிரிப்சின், டிரிப்சினோஜென்னாகப் பிறக்கிறது. கைமோடிரிப்சின், எலாஸ்டேஸ், கார்பாக்சிபெப்டிடேஸ் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

முடக்கத்தை நீக்குவது யார்? என்டரோகைனேஸ் என்ற நொதி. அது கணையத்தில் கிடையாது. முன்சிறுகுடலின் உட்சுவரில், செல்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கணைய நீர் குழாய் வழியே வந்து குடலுக்குள் விழும் வரை அதைச் சந்திக்கவே முடியாது. 1899-ல் ரஷ்யாவில் பாவ்லோவின் ஆய்வகத்தில் ஷெபோவால்னிகோவ் இதைக் கண்டபோது, பாவ்லோவ் இதை நொதிகளின் நொதி என்றார்.

இனி நான் நிதானமாகச் சொல்ல விரும்பும் இடம். டிரிப்சினோஜென், புரதத்தின் அடிப்படைக் கண்ணிகளான அமினோ அமிலங்கள் சுமார் 230 கோத்த சங்கிலி. அதன் நுனியில் எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு வால். அந்த வாலில் அஸ்பார்டிக் அமிலம் வரிசையாக நான்கு முறை வருகிறது, பிறகு ஒரு லைசின். லைசினுக்கு அடுத்து வெட்டுவது டிரிப்சினின் சுபாவம். அப்படியானால் ஒரு டிரிப்சின் தப்பித் தவறி உருவானாலும் பக்கத்தில் உள்ள டிரிப்சினோஜென்களை வெட்டித் திறந்துவிடுமே? நான்கு அஸ்பார்டிக் அமிலங்களின் எதிர்மின்சுமை அதைக் கிட்டே அண்டவிடாமல் தடுக்கிறது. என்டரோகைனேஸுக்கு நிலைமை நேர் எதிர். அதன் பரப்பில் நேர்மின்சுமை கொண்ட இடம் ஒன்று இருக்கிறது; எந்த நான்கு சுமைகள் டிரிப்சினைத் தள்ளுகின்றனவோ அதே நான்கையும் பற்றிக்கொண்டு லைசினுக்கு அடுத்து ஒரே ஒரு வெட்டு.

உறையிலிருந்து கத்தியை உருவியது போல என்று பாடப்புத்தகம் முடித்துவிடும். எனக்கு அது போதவில்லை, ஏனென்றால் வெட்டு விழும்வரை கத்தியின் கூர்முனையே முழுதாக உருவாகவில்லை. வால் போனதும் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் புதிய நுனியாகிறது, அதற்கு நேர்மின்சுமை கிடைக்கிறது. அந்த நுனி அப்படியே மடங்கி மூலக்கூறின் உள்ளே போய், அங்கே 194-ஆம் இடத்தில் காத்திருக்கும் அஸ்பார்டிக் அமிலத்தோடு கைகோக்கிறது. அந்த இழுப்பில், அதுவரை தளர்ந்து ஆடிக்கொண்டிருந்த வளையங்கள் இறுகி இடத்தில் அமர்கின்றன. புரதத்தைப் பிடித்து வெட்டுவதற்கான குழி அந்தக் கணம்தான் முழுமையாகிறது. பிறகு இந்த டிரிப்சின் மற்ற எல்லா முடங்கிய நொதிகளையும் எழுப்பிவிடுகிறது. நூறு தடவை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

இத்தனைக்குப் பிறகும் உடல் நம்பி உட்கார்ந்துவிடவில்லை. அந்தப் பொட்டலங்களிலேயே ஸ்பிங்க்1 என்ற 56 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம் இருக்கிறது. தப்பி விழித்த டிரிப்சினின் வாயை அது அடைத்துவிடும். பித்தக்கல்லோ குடியோ இந்தக் காவலைக் குலைத்தால் கணையம் தன்னைத்தானே செரிக்கத் தொடங்குகிறது. கணைய அழற்சிக்கு இதுதான் காரணம் என்று 1896-லேயே ஹான்ஸ் கியாரி சொன்னார். குடிக்காத இளம் வயதினருக்கும் கணையத்தில் கல் சேர்ந்து, பின்னால் சர்க்கரை நோயில் முடியும் ஒரு வகை தென்னிந்தியாவில் உண்டு. அவர்களில் பலரிடம் ஸ்பிங்க்1-இன் 34-ஆம் அமினோ அமிலம் மாறியிருப்பதைக் காண்கிறார்கள். மேல்வயிற்றில் எழுந்து முதுகுக்கு ஊடுருவும் கடும் வலியை "வாயு பிடிச்சிருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். இரத்தத்தில் லைப்பேஸ் அளவைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இந்த நொதியின் பலத்தை நம் பாலாற்றங்கரை டேனரிகளும் அறியும். சுண்ணாம்பிலிருந்து எடுத்த தோலை மிருதுவாக்கும் பேட்டிங் வேலைக்கு ஒரு காலத்தில் நாய் மலமும் புறா எச்சமும் பயன்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஓட்டோ ரோம் அந்த இடத்தில் விலங்குகளின் கணைய நொதியைக் கொண்டுவந்தார்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். வேலூர், ஆரணி பக்கம் "தொக்கம் எடுக்கப்படும்" என்ற எழுத்தைச் சுவர்களில் பார்க்கலாம். வாந்தியும் பேதியுமாகத் துவண்ட குழந்தையின் வயிற்றில் வாயை வைத்து உறிஞ்சி, உள்ளங்கையில் ஒரு பருக்கையைத் துப்பிக் காட்டி, "பாரும்மா, மூணு நாளா தொக்கி நின்ன சோறு" என்பார்கள். அம்மா கண் கலங்கி நம்பிவிடுவார். மேலே சொன்ன நொதிகளுக்கு நடுவே மூன்று நாள் ஒரு பருக்கை பருக்கையாகவே கிடக்காது. தோல், தசை, குடல்சுவர் மூன்றையும் தாண்டி அதை உறிஞ்சி எடுக்க எவராலும் முடியாது. அந்தப் பருக்கை உறிஞ்சுபவரின் வாயிலேயே இருந்தது.

உள்ளே இருப்பது பல நேரம் ரோட்டா வைரஸ். 1973-ல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழு ஒரு முன்சிறுகுடல் திசுவில் இதைக் கண்டது. இதன் மேற்பரப்பில் உள்ள முள் போன்ற புரதத்தை டிரிப்சின் இரண்டாக வெட்டினால்தான் வைரஸுக்கு முழு வீரியம் வரும். நாம் அத்தனை கவனமாகக் குடலுக்குள் மட்டும் எழுப்பும் நொதியையே அது தனக்கு வேலைக்காரனாக்கிக்கொள்கிறது. இந்தியாவின் ரோட்டாவேக் சொட்டு மருந்தை டெல்லி, புனேவோடு நம் வேலூரிலும் சோதித்தார்கள். மூன்று ஊரிலுமாகச் சுமார் 6,800 குழந்தைகள். கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு பாதிக்கு மேல் குறைந்தது. 2016 முதல் ரோட்டா சொட்டு மருந்து தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒரு நொதி எங்கே வெட்டுகிறது என்று தேடும் ஆய்வுக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்களிடம் நான் காட்டுவது இந்தக் குழந்தைகளைத்தான். அடிப்படை ஆய்வுக்கான நிதியை ஆண்டுக்காண்டு இழுபறி இல்லாமல் தர வேண்டும்.

சொட்டு மருந்து 6, 10, 14-ஆவது வாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பேதி தொடங்கிவிட்டால் பெரிய ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், துத்தநாக மாத்திரையை டாக்டர் சொல்லும் அளவில் 14 நாள் கொடுங்கள். கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை குடிக்கவே முடியாமல் சோர்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.