காலையில் மட்டும் முரண்டு பிடிக்கும் டிராக்டர்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் சில பழைய டிராக்டர்களைச் சாயங்காலம் மேட்டில்தான் நிறுத்துவார்கள். மறுநாள் பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) முடிந்ததும் கியரில் போட்டு இறக்கத்தில் உருட்டினால் இரண்டு இருமல் இருமி ஓடத் தொடங்கிவிடும். சமதரையில் சாவியைத் திருகினால் முனகலோடு சரி. ஆனால் மத்தியானம், செம்பனைக் குலைகளை இறக்கிவிட்டு வந்தபின், அதே சாவிக்கு உடனே ஓடும். கேட்டால் “காலைக் குளிர்” என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பேராக் சமவெளியில் விடியற்காலைகூட 23, 24 டிகிரிதான். பனி கொட்டும் ஊர்களிலும் ஓடும்படி செய்த எஞ்சின், இந்தக் குளிருக்கா மடங்கும்?

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. 1897இல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சினிலும் இன்றைய டிராக்டரிலும் அடிப்படை ஒன்றே: காற்றை நசுக்கினால் சூடேறும். 17 பங்கு காற்றை ஒரு பங்கு இடத்தில் அடைத்தால், 24 டிகிரி காற்று 500 டிகிரியைத் தாண்டும். டீசல் பற்றிக்கொள்ள அதில் பாதி போதும். ஆனால் 500 என்பது ஏட்டுக் கணக்கு. ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த சிலிண்டர் சுவர் சூட்டை உறிஞ்சும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் அதன் வழியாகக் காற்று நழுவும். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் இந்த இரண்டுக்குமே கூடுதல் நேரம் கிடைக்கிறது. மத்தியானம் சுவர் சூடாக இருப்பதால் கோளாறு மறைந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இறக்கத்தில் உருட்டினால் ஓடுகிறது என்றால், ஸ்டார்ட்டர் (எஞ்சினை முதலில் சுற்றிவிடும் மின்மோட்டார்) தராத வேகத்தைச் சக்கரம் தருகிறது என்று பொருள். அதனால் முதலில் பேட்டரி பக்கம் பாருங்கள். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.5க்குக் கீழே விழுந்தால் பெரும்பாலும் பேட்டரி தளர்ந்திருக்கும். பேட்டரி நன்றாக இருந்தும் சுற்றல் மந்தமா? சில முறை சுற்றிவிட்டுச் சாவியை அணைத்து, வயர் முனைகளைத் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அங்கேதான் மின்சாரம் வீணாகிறது. பல நேரம் அது சேசிஸில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில், முடுக்கிய எர்த் வயராக இருக்கும். மழையும் உரத்தூளும் சேர்ந்து அதை அரித்திருக்கும்.

வேகமாகச் சுற்றியும் ஓடவில்லையென்றால் புகைக்குழாயைப் பாருங்கள். கருவி எதுவும் இல்லாமல் கிடைக்கும் சோதனைகளில் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. புகையே வராவிட்டால் டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால், போகிறது ஆனால் எரியவில்லை.

புகை வராததற்கு அடிக்கடி காரணம் காற்று. டேங்குக்கும், டீசலை எஞ்சின் பக்கம் இழுக்கும் லிஃப்ட் பம்புக்கும் நடுவில் உள்ள குழாயில் பம்ப் டீசலை உறிஞ்சுகிறது. அங்கே வெடிப்பு இருந்தால் டீசல் சொட்டாமலேகூட இருக்கலாம், காற்று மட்டும் உள்ளே போகும். பொத்தல் ஸ்ட்ரோவில் தே ஐஸ் குடிப்பது மாதிரி. ராத்திரியில் குழாயில் நின்ற டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். 2019இல் மலேசிய வண்டிகளுக்கான டீசலில் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல் கலப்பது கட்டாயமானது. டிராக்டர் சுமந்த குலை அதன் டேங்குக்கே திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளலாம்! ஆனால் பயோடீசல் பழைய காலத்து ரப்பர் குழாய்களை ஊத வைக்கும், ஈரத்தையும் கூடுதலாகப் பிடித்துவைக்கும். குழாயை மாற்றுங்கள், ஃபில்டர் கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரை வடியுங்கள். அப்புறம் ஃபில்டர் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, லிஃப்ட் பம்பின் கைப்பிடியை அடியுங்கள். முதலில் நுரை வரும். குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் திருகை முடுக்குங்கள். கைப்பிடி பிடிமானமே இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உள்ளே கேம் (எஞ்சினோடு சுழன்று பம்பை அமுக்கும் மேடு) அதை ஏற்கெனவே அமுக்கிப் பிடித்திருக்கும். எஞ்சினைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி அடித்தால் சரியாகிவிடும்.

வெள்ளைப் புகை வேறு கதை. சிலர் ஈத்தர் ஸ்ப்ரே அடித்து ஓட வைப்பார்கள். அது நேரம் வருமுன்பே பற்றி பிஸ்டனைக் குத்தும். ரிங் உடையவும் கூடும். காற்றுக்குழாயில் ஹீட்டர் உள்ள எஞ்சினில் தீயே பிடிக்கலாம். அதற்குப் பதில், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நோசலைக் கழற்றிச் சோதிக்கக் கொடுங்கள். அந்தத் துளை வழியாகவே மெக்கானிக் சிலிண்டரில் காற்று நசுங்கும் அழுத்தத்தையும் அளந்துவிடலாம். கொஞ்சம் எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளக்கும்போது அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு பக்கம் சந்தேகப்பட வேண்டும். வால்வு இடைவெளி மட்டும் என்றால் அன்றைக்கே முடிகிற வேலை. ரிங் என்றால் எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும்.