டார்ச்சின் ஒளியைக் கூட்டும் முன் வெப்பத்துக்கு வழி செய்யுங்கள்

வெளிச்சம் போதவில்லை, இன்னும் வலுவான எல்.இ.டி. பொருத்திக் கொடுங்கள் என்று டார்ச்சை நீட்டுகிறார்கள். நான் எல்.இ.டி.யை உடனே மாற்றுவதில்லை. அது உட்கார்ந்திருக்கும் தகட்டைத் தூக்கி, அடியில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். பல டார்ச்சுகளில் வெப்பத்தைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து உதிர்ந்துதான் இருக்கும்; சிலவற்றில் அதுவும் இருக்காது.

எல்.இ.டி.க்குப் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகிறது. அது உலோக உடலுக்குக் கடக்க முடியாமல் தேங்கினால் ஒளி மங்கும், ஆயுளும் குறையும். பழைய பேஸ்ட்டைச் சுரண்டித் துடைத்து, புதியதை மெல்லியதாகத் தடவுங்கள். அப்பிவிடக் கூடாது; உலோகத்தைவிடப் பேஸ்ட் மிகக் குறைவாகவே வெப்பம் கடத்தும்.

அடுத்தது பேட்டரியைத் தொட்டு நிற்கும் ஸ்பிரிங். அதன் மின்தடை 0.05 ஓம் என்றால், 3 ஆம்பியர் பாயும்போது 0.15 வோல்ட் அங்கேயே வீணாகிறது. பேட்டரி இறங்கிய நேரத்தில் இந்த இழப்பு கண்ணுக்கே தெரியும். ஸ்பிரிங்கின் இரு முனைகளையும் இணைத்து, வளையக்கூடிய செம்புக் கம்பி ஒன்றைச் சற்றுத் தொய்வு விட்டுச் சாலிடர் செய்தால் போதும். மூடியின் திருகு மறைகளில் படிந்த அழுக்கையும் துடையுங்கள். பெரும்பாலான உலோக டார்ச்சுகளில் உடலே எதிர்முனைக் கம்பியாக மின்சாரத்தைக் கடத்துகிறது.

இதையெல்லாம் விட்டுவிட்டு மின்னோட்டத்தை மட்டும் கூட்டுபவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதறுகிறது. அப்படிச் செய்த ஒரு டார்ச்சில் வெண்ணொளி நீலம் பாய்ந்து, எல்.இ.டி. கருகிய நிலையில் வந்தது. இத்தனைக்கும் பலன் சொற்பம்; வெளிச்சம் இருமடங்கு தூரம் எட்ட வேண்டுமானால் கற்றையின் செறிவு நான்கு மடங்காக வேண்டும்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் தயவுசெய்து துணிச்சல் காட்டாதீர்கள். 18650 என்னும் லித்தியம்-அயன் செல்லில் கொள்ளளவு 9,900 மில்லியாம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் அது பொய். நல்ல செல்களே பெரும்பாலும் 3,500-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. மேலுறை கிழிந்த செல்லைப் போடவே போடாதீர்கள். வரிசையில் இரண்டு செல் போடும் டார்ச்சில் பழையதையும் புதியதையும் கலந்தால், பலவீனமானது முதலில் காலியாகி, தலைகீழாக மின்னேற்றப்பட்டு வாயு கக்கலாம். நீர் புகாதபடி இறுக மூடிய உலோகக் குழாய்க்குள் அந்த வாயு வெளியேற வழியில்லை. டார்ச் கையிலேயே வெடிக்கலாம்.

வேலை முடிந்ததும் டார்ச்சை முழு வெளிச்சத்தில் வைத்துத் தலைப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சீக்கிரமே சூடேறினால் நல்லது, வெப்பம் வெளியே வருகிறது. தலை குளிர்ந்தே இருக்க ஒளி மட்டும் மங்கினால், அணைத்துவிட்டு மீண்டும் பிரியுங்கள்.