ஈமுக் குஞ்சைக் காரில் ஏற்றும் முன்

ஆஸ்திரேலியாவில் வசந்தகாலப் பள்ளி விடுமுறை தொடங்கியதும், எங்கள் வனவிலங்கு மருத்துவமனையின் வாசலுக்கு அட்டைப்பெட்டிகளும் வரத் தொடங்கிவிடுகின்றன. பெட்டிக்குள் பழுப்பும் வெண்மஞ்சளுமாகக் கோடு போட்ட ஓர் ஈமுக் குஞ்சு இருக்கும். கொண்டுவந்தவர் முகத்தில் ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்ட நிறைவு இருக்கும். அவர் சொல்லும் வாக்கியமும் ஆண்டுதோறும் மாறுவதில்லை: "தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது, சுற்றிலும் தேடிப் பார்த்தோம், காணவில்லை." அண்மையில் ஒரு தமிழ்க் குடும்பம் கொண்டுவந்த குஞ்சு, பல வாரங்கள் அவர்கள் வீட்டு வழுக்குத் தரையில் கோழித்தீவனம் தின்று வளர்ந்து, ஒரு கால் வெளிப்புறமாக முறுக்கிக்கொண்ட நிலையில் எங்களிடம் வந்தது. அதற்குக் கருணைக்கொலையைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. நல்ல மனத்துடன் செய்யப்பட்ட காரியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதனால்தான் கோபமும் கூடுதலாக வருகிறது.

ஈமுக் குஞ்சின் அருகில் தாயைத் தேடுவதே வீண். இதை எத்தனை முறை தொலைபேசியில் விளக்கினாலும், அடுத்து அழைப்பவர் மீண்டும் தாயிடமிருந்தே தொடங்குகிறார். பெட்டை ஈமுவின் பங்கு முட்டையிடுவதோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. இலையுதிர்காலத்திலிருந்து குளிர்காலம் வரை, மரப்பட்டையும் புல்லும் சுள்ளியும் பரப்பிய தரைக்கூட்டில் அது கரும்பச்சை முட்டைகளை இடுகிறது; அதன்பின் அங்கிருந்து விலகிச் சென்று அதே பருவத்தில் வேறொரு சேவலுடன் சேர்ந்து மீண்டும் முட்டையிடவும் கூடும். அடைகாப்பது சேவல். சுமார் எட்டு வாரங்கள் அது கூட்டைவிட்டு அகல்வதில்லை. நாளுக்குப் பத்து முறைபோல எழுந்து முட்டைகளைப் புரட்டுவதைத் தவிர அசைவதுமில்லை. உண்பதும் குடிப்பதும் ஏறக்குறைய நின்றுபோய், முன்பே உடலில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்து உயிர்வாழும் அந்தத் தந்தை, குஞ்சுகள் பொரியும்போது தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை இழந்திருக்கும். பொரிந்த பிறகும் ஐந்தாறு மாதங்கள், சில வேளைகளில் ஒன்றரை ஆண்டுவரை, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிவது அதுதான். அந்தக் காலத்தில் முட்டையிட்ட பெட்டையே நெருங்கினாலும் துரத்தியடிக்கும். ஆகவே "தாயைக் காணவில்லை" என்பது குஞ்சு அநாதை என்பதற்கான அறிகுறியாகாது. எந்த நலமான ஈமுக் குடும்பத்திலும் நீங்கள் தாயைக் காணப்போவதில்லை.

சரி, தந்தை எங்கே என்று கேட்பீர்கள். பெரும்பாலும் உங்களைப் பார்த்துக்கொண்டு, நீங்கள் போவதற்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. கிட்டத்தட்ட ஆள் உயரம், சில வேளைகளில் 1.9 மீட்டர்வரை வளரும் பறவையானாலும், காய்ந்த புல்வெளியிலும் யூக்கலிப்டஸ் மரங்களுக்கிடையிலும் அசையாமல் நின்றால், அதன் சாம்பல் பழுப்பு இறகுக்கொத்து ஒரு புதரைப்போலவே தெரியும். கார் நின்றதும், கதவு அறையும் சத்தமும் குழந்தைகளின் கூச்சலும் கேட்டதும், குஞ்சுகள் சிதறிப் புல்லுக்குள் படுத்துவிடுகின்றன. உடம்பிலுள்ள கோடுகள் இருப்பதே அதற்காகத்தான். அவற்றுள் ஒன்று உங்கள் கண்ணில் பட்டுவிடுகிறது. நீங்கள் அங்கே நிற்கும்வரை தந்தை திரும்பி வரத் தயங்கும், அது வராததால் நீங்கள் இன்னும் நின்று தேடுவீர்கள், கடைசியில் இரக்கப்பட்டுக் குஞ்சைக் காரில் ஏற்றுவீர்கள். தயவுசெய்து வண்டியை எடுத்துக்கொண்டு நன்றாக விலகிச் சென்று, இன்ஜினை அணைத்துவிட்டு, அமைதியாகக் காத்திருங்கள். கழுத்துப் பையிலிருந்து பறை அதிர்வதுபோல் ஒலியெழுப்புவது பெட்டை. சேவல் தாழ்ந்த உறுமலோடு வரும், ஆகவே ஓசையை எதிர்பார்க்காமல் கண்ணால் பாருங்கள். தந்தை நெருங்கி வந்துவிட்டால் பின்வாங்குங்கள். ஈமுவின் மூன்று விரல் பாதத்தில் உள்ள நகங்களும், முன்னோக்கி உதைக்கும் அந்தக் காலின் வலிமையும் விளையாட்டல்ல.

வீட்டில் வளர்ப்பது குறித்து என்னிடம் வரும் வாதம் இன்னொன்று: "ஊரில் ஈரோட்டுப் பக்கம் பண்ணைகளில் வளர்த்ததுதானே, கோழிபோலத்தானே?" தமிழ்நாட்டின் ஈமுப் பண்ணைத் தொழில் 2012-இல் சரிந்தபோது தீவனமின்றித் தவித்த பறவைகளின் நிலைமையை நினைவில் வைத்திருப்பவர்கள்கூட இப்படிக் கேட்பதுதான் வியப்பு. காட்டில் ஈமுக் குஞ்சு விதை, பழம், தளிர், பூச்சி, கம்பளிப்புழு என்று கொத்திக்கொண்டே நாள் முழுதும் நடக்கிறது. அடைத்துவைத்துப் புரதம் மிகுந்த தீவனம் கொடுத்தால் எலும்பு தாங்கும் வேகத்தைவிட எடை விரைவாக ஏறிக் கால் கோணுகிறது. வழுக்கும் தரையில் கால்கள் இருபுறமும் விரிந்து போகின்றன. மேலும், உணவை அரைக்க இரைப்பையில் கல் சேர்ப்பது அதன் இயல்பு என்பதால், பளபளக்கும் ஆணி, கம்பித்துண்டு, சாவி, புட்டிமூடி எதையும் அது விட்டுவைக்காது. (அறுவைச் சிகிச்சையில் எடுத்த பொருள்களைக் கொண்டு ஒரு சிறு இரும்புக்கடையே வைத்துவிடலாம் என்பது எங்கள் மருத்துவமனையில் வழங்கும் கசப்பான நகைச்சுவை.) காட்டிலிருந்து எடுத்து உரிமமின்றி வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அபராதத்துக்காவது பயப்படுங்கள்.

குஞ்சு உண்மையிலேயே அநாதையாவது பெரும்பாலும் நம் கார்களாலும் வேலிகளாலும்தான். தாஸ்மானியாவைத் தவிர்த்து ஆஸ்திரேலியப் பெருநிலம் எங்கும், சவன்னாக் காடுகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் ஈமு வாழ்கிறது. மழையையும் உணவையும் தேடி, குறிப்பாக மேற்கு ஆஸ்திரேலியாவில், நெடுந்தூரம் இடம்பெயர்கிறது. மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தை எட்டும் அந்தப் பறவை உங்கள் காருக்கு இணையாகச் சாலையோரத்தில் ஓடிக்கொண்டிருந்துவிட்டு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் குறுக்கே பாயும். ஓர் ஈமு கடந்துவிட்டதென்று வேகத்தைக் கூட்டாதீர்கள். பின்னால் குஞ்சுகள் வரிசையாக வந்துகொண்டிருக்கலாம். வண்டியைத் திருப்பித் தப்பிக்க முயலாமல் நேராகவே பிரேக் போடுங்கள். நியூ சவுத் வேல்ஸின் வடக்குக் கடலோரத்தில் கிளாரன்ஸ் பள்ளத்தாக்கு, யுராய்கிர் தேசியப் பூங்கா வழியாகச் செல்பவர்களிடம் இதை இரட்டிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன்: அங்குள்ள கரையோர ஈமுக்கள் அழியும் நிலையில் உள்ள தனிக்கூட்டமாக அறிவிக்கப்பட்டவை, ஒரு தந்தை அடிபட்டாலே ஒரு பருவத்தின் குஞ்சுகள் போய்விடும்.

வேலிக்கு வருவோம். கம்பிகளுக்கிடையே தள்ளிக்கொண்டு நுழைவது ஈமுவின் வழக்கம். பெரியது எப்படியோ அப்பால் போய்விட, சதுரக் கண் வலைக்கம்பியின் இப்பால் குஞ்சு நின்றுவிடும். நிலம் வைத்திருப்பவர்கள் மேல்கம்பியிலாவது முள்ளைத் தவிர்க்கலாம். கம்பியில் கால் சிக்கிய பெரிய ஈமுவை மட்டும் நீங்களே விடுவிக்க முயலாதீர்கள். உங்களுக்கும் ஆபத்து, அதற்கும் ஆபத்து. மிரண்டு திமிறும் ஈமுவுக்குத் தசைகள் சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கி, ஓடிப்போன பறவை சில நாள்களுக்குப் பின் இறந்துவிடலாம். ஒளிப்படத்துக்காகக் காரிலோ டிரோனிலோ துரத்துபவர்களுக்கும் இது பொருந்தும். அது நலமாக ஓடிப்போனதைத்தானே நீங்கள் பார்த்தீர்கள். பிறகு நடந்ததை நாங்கள் பார்க்கிறோம். சுற்றுலாத் தலங்களில் ரொட்டியும் சிப்ஸும் நீட்டுவதை நிறுத்துங்கள். மனிதக் கைக்குப் பழகிய ஈமு சாலையோரத்துக்கும் பழகிவிடும்.

சாலையில் இறந்த ஈமுவைக் கண்டால், பாதுகாப்பாக நிறுத்த முடிந்தால், சுற்றுப்புறப் புல்லைப் பாருங்கள். குஞ்சுகள் உடலருகிலேயே நின்றாலும், குஞ்சுக்குக் காயம் இருந்தாலும், அப்போதும் முதலில் செய்ய வேண்டியது தொலைபேசி அழைப்பு: நியூ சவுத் வேல்ஸில் வயர்ஸ், விக்டோரியாவில் வைல்ட்லைஃப் விக்டோரியா, மற்ற மாநிலங்களில் அந்தந்த மீட்பு அமைப்பு. எடுத்துவரச் சொன்னால், அடியில் துண்டு விரித்த அட்டைப்பெட்டியில், இருட்டாகவும் கதகதப்பாகவும் வையுங்கள். உணவு வேண்டாம், தண்ணீர்க் கிண்ணமும் வேண்டாம், குழந்தைகளின் மடியும் வேண்டாம். எடுத்த இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் அப்போதே குறித்துவிடுங்கள். தன் குஞ்சுகளைவிடச் சற்றே சிறிய அயல் குஞ்சையும் தன்னுடன் சேர்த்துக்கொள்ளும் இயல்பு ஈமுத் தந்தைக்கு உண்டு. ஆனால் "டப்போ நகருக்கு அப்பால் எங்கோ" என்று மட்டும் நீங்கள் சொன்னால், எந்தத் தந்தையிடம் கொண்டுபோய் விடுவதென்று எங்களுக்குத் தெரியாது.